தேதிகளைப் பார்த்த திரேசா

செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளை முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது, படித்துக் கையெழுத்திட வேண்டிய சுற்றறிக்கை ஒன்று என் மேசையில் கிடந்தது. நம் பள்ளி அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற மிஸ் திரேசா, தெம்பனிஸில் தம் அண்ணன் வீட்டில் ஞாயிறன்று காலமானார் என்று அதில் இருந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட தாள்களைத் தட்டச்சு செய்தவர் அவர்தான். கையெழுத்துப் போட எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய கண்டிப்பு நினைவிருக்கும். தேதி போடாத விடுப்புப் படிவத்தைத் தலைமையாசிரியரே நீட்டினாலும் திருப்பிவிடுவார். "தேதி இல்லாட்டி இது வெறும் பேப்பர் லா, சார்" என்பார். எங்களுக்குள் நட்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குப் பேச்சு அதிகம் என்பது என் எண்ணம். எனக்குப் படித்த திமிர் என்பது அவர் எண்ணம். இரண்டிலும் உண்மை இருந்தது.

பத்து ஆண்டுகளுக்கு முன், எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பத்து மூன்று வயது. புக்கிட் மேராவில் மூவறை வீடு. கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். மாதத்தில் மூன்று நாட்கள் நான் சாமி விளக்கைத் தொடமாட்டேன், மாமியார் ஏற்றுவார். ஆகவே என் நாட்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாதம் அது வரவில்லை. "இந்த வயசுலயா? வெளிய தலைகாட்ட முடியுமா?" என்று மாமியார் தம் மகளிடம் தொலைபேசியில் சொல்வது கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டு வாரம் கழித்து வந்ததும் வீடே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதன் பிறகு வரவேண்டிய தேதியில் வராவிட்டாலும் வந்ததுபோல ஒதுங்கிக்கொண்டேன். தப்பித் தவறி வேறு நாளில் வந்தால் யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாதங்கள் இப்படி நடித்தேன்.

அதே மாதங்களில் வேறு சிலவும் நடந்தன. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே மார்பிலிருந்து கழுத்துக்குச் சூடு ஏறும், ரவிக்கை நனைந்துவிடும். மாடிப்படி ஏறி ஓடிவந்ததுபோல நெஞ்சு அடித்துக்கொள்ளும். தூக்கம் துண்டு துண்டானது. நாள்தோறும் சொல்லும் ஒரு சொல் வகுப்பின் நடுவில் வாய்க்கு வராமல் நின்றேன். முன்வரிசை மாணவி எடுத்துக் கொடுத்தாள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினேன். என் சின்னம்மா தம் நாற்பதுகளில் மனநல மருத்துவமனைக்குப் போனவர். எனக்கும் அதுவே என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

மருத்துவரிடம் கணவரும் உடன் வந்தார். "மாதவிடாய் ஒழுங்கா வருதா?" என்று மருத்துவர் என்னைத்தான் கேட்டார்.

"மாசாமாசம் கரெக்டா வருது டாக்டர். அம்மாவுக்குத் தெரியும்" என்றார் கணவர்.

நான் எடைபார்க்கும் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அத்தனை மாதப் பொய்யும் வெளியே வந்துவிடும். மருத்துவர் நரம்புக்கு மாத்திரை எழுதினார். அதைச் சாப்பிட்டுவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் கண் சொக்க நின்றேன். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு பதவி விலகல் கடிதத்தைக் கையால் எழுதி, தட்டச்சு செய்யச் சொல்லித் திரேசாவிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். தட்டச்சுப்பொறியில் தாளைச் செருகாமல் எழுந்து போய் என் விடுப்புக் கோப்பை எடுத்து வந்தார். அதில் மருத்துவர்கள் கொடுத்த விடுப்புச் சீட்டுகள் இருந்தன; எம்.சி. என்போமே, அவை.

"டீச்சர், போன வருஷம் வரைக்கும் உங்க எம்.சி. எல்லாம் மாசாமாசம் ஒரே வாரத்துல வரும். வயித்து வலி. இந்த வருஷம் பாருங்க. தலைவலி, படபடப்பு, களைப்பு. தேதியெல்லாம் கன்னாபின்னான்னு இருக்கு. உங்களுக்குக் கடைசியா எப்ப வந்துச்சு?"

"ஒழுங்காத்தான் வருது."

"எப்ப வந்துச்சுன்னு கேட்டேன்."

தபால்காரர் வாசலில் நின்றிருந்தார். திரேசா குரலைத் தாழ்த்தவேயில்லை. பதினொரு வாரமாக வரவில்லை என்றேன். அதற்கு முந்தியது இருபது நாளிலேயே வந்துவிட்டது என்றேன். வீட்டில் நடித்ததையும் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார். "மாமியார்கிட்ட பொய் சொன்னீங்க, சரி. டாக்டர்கிட்டயுமா? யூனிவர்சிட்டில இதத்தான் சொல்லிக் கொடுத்தாங்களா?"

"நீங்க என்ன, டாக்டரா?"

"இல்ல டீச்சர், வெறும் கிளார்க்தான். ஆனா நாப்பது தாண்டின லேடி டீச்சர்ஸ் எத்தன பேரோட எம்.சி. என் கையால ஃபைல் ஆகியிருக்கு! மொதல்ல தேதி கலையும். அப்புறம் வேர்வை. அப்புறம் எனக்குப் பைத்தியம்னு அவங்களே சொல்லிக்குவாங்க. எனக்கும் அப்படித்தான் ஆச்சு. எங்கண்ணி ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துட்டுப் போனாங்க. ஜெபம் நல்லாத்தான் இருந்துச்சு, வேர்வைதான் நிக்கல."

பிறகு கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "சிராங்கூன் ரோட்ல ஒரு லேடி டாக்டர் இருக்காங்க. தனியாப் போங்க. உண்மையச் சொல்லுங்க. பைத்தியம்னு அவங்களும் சொன்னா நானே டைப் பண்ணித் தர்றேன்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனேன். அந்த மருத்துவர் என் இதயத் துடிப்பைக் கேட்டார், இரத்தத்தைச் சோதிக்க அனுப்பினார், தேதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மாதவிடாய் நிற்பதற்கு முந்திய காலம் இப்படித்தான் தொடங்கும், சில ஆண்டுகள் நீளலாம் என்றார். நரம்பு மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்.

அன்று மாலையே வீட்டில் சொன்னேன். மாமியார் பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தினார்.

"அப்ப அந்த மூணு நாளும் சும்மாவா ஒதுங்கியிருந்தே?"

"ஆமா, அத்தை."

சற்று யோசித்தார். "அப்ப நெஜமா வந்த நாள்ல வெளக்கேத்தினியா?"

அதற்கும் ஆமாம் என்றேன். கணவர் செய்தித்தாளை இறக்கவில்லை. அன்றிலிருந்து மாமியார் என்னை விளக்கின் பக்கம் விடுவதில்லை. இன்றுவரை அவரேதான் ஏற்றுகிறார். சூடும் வேர்வையும் மேலும் நான்கு ஆண்டுகள் இருந்தன. திரேசா எதையும் நீக்கிவிடவில்லை. எனக்கு என்ன நடக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அது போதும் என்று வகுப்பில் நின்றேன், இன்றும் நிற்கிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது யார் இருந்தாலும் தாழாத அந்தக் குரலைத்தான். சென்ற மாதம் சக ஆசிரியை ஒருவர் நோட்டுப்புத்தகத்தால் விசிறிக்கொண்டே, தமக்கு இதயக் கோளாறு போலிருக்கிறது என்றார். மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். கடைசியாக எப்போது வந்தது என்றும் கேட்டேன். பக்கத்து மேசையில் ஆண் ஆசிரியர்கள் இருவர் இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்துவிட்டு, "ஒழுங்காத்தான் வருது" என்று முணுமுணுத்தார்.

நான் அதே குரலில் மறுபடியும் கேட்டேன்.