டேப்பில் ஊற்றிய பீர்

பிள்ளைகளிடம் குடிக்காதே என்று சொல்வதையே வேலையாக வைத்திருப்பவளை விருத்தாசலத்தில் ஒருவரும் ஒரு டீ குடிக்கக்கூடக் கூப்பிடுவதில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கும் திட்டப் பணியாளர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? ஒரு தொண்டு நிறுவனத்துக்காகப் பத்து டேப்களை, அதாவது தொடுதிரைக் கணினிகளை, தோளில் சுமந்து அலைகிறேன். அவற்றில் ஒரு கேம். பிறந்த நாள் பார்ட்டியில் நண்பன் பீரை நீட்டுவான். திரையில் மூன்று பதில் வரும். மறுக்கும் பதிலை அழுத்தினால் ஒரு நட்சத்திரம்; இப்படிப் பத்துக் கேள்வி. ஆடிப் பழகினால் நிஜத்திலும் அந்தப் பதில் வாயில் வந்துவிடுமாம்.

பத்துக்குப் பத்து

ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். ஒருத்தனைத் தவிர எல்லோருக்கும் பத்து நட்சத்திரம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கரும்பலகையைப் பார்க்கும்வரை. '1-ஆ, 2-இ, 3-ஆ' என்று வகுப்பாசிரியர் முத்து முத்தாக எழுதிப் போட்டிருந்தார். சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று முந்தின நாள் டேப்பை வாங்கிப்போனது இதற்குத்தான். பிள்ளைகள் தாங்களே யோசிக்க வேண்டும் சார் என்று மன்றாடினேன்.

"பப்ளிக் எக்ஸாமோ கேமோ, எங்க ஸ்கூலு ரிசல்ட்டு கொறையக் கூடாதுங்க மேடம்."

பூஜ்யம்

அந்த ஒருத்தன் கவியரசன். பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்ப்பவரின் மகன், பதினாலு வயசு. பலகையைப் பார்த்து அழுத்தக்கூடத் துப்பில்லை என்று ஆசிரியர் அவனைத் திட்டித் தீர்த்தார். நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பத்துக் கேள்விக்கும் குடிக்கும் பதிலையே அழுத்தியிருந்தான். வருகிற ஞாயிறு ஸ்ரீமுஷ்ணத்தில் அவன் அத்தை மகளுக்குக் காதுகுத்து, கிடா விருந்து. இவன் ஒருத்தன் அன்றைக்குக் கிளாஸைத் தொடாமல் வந்தால் போதும், நான் வாங்குகிற சம்பளம் செரித்துவிடும் என்று தோன்றியது.

"நீ என்னா பண்ணுவன்னுதானே மேடம் கேட்டுருக்குது? போன பொங்கலுக்குக் குடிச்சேன், அதான் அதயே அழுத்தினேன்."

அப்பா ஆடிய ஆட்டம்

அவன் அப்பாவை வரவழைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் நின்றார். அவரிடமும் டேப்பைக் கொடுத்து ஆடச் சொன்னேன். பொறந்த நாளும் அதுவுமா வேணாம்னு எப்படிங்க சொல்றது என்று முனகிக்கொண்டே ஆறு முறை தோற்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பையனுக்கு இதையெல்லாம் யார் கொடுப்பது என்று கேட்டேன். நான்தான் என்றார், கொஞ்சமும் கூசாமல். ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கண்டவனோட சேந்து குடிச்சி கெட்டுப்போவக் கூடாதுன்னுதானே மேடம் நானே ஊத்திக் குடுக்கறேன்!"

காதுகுத்து

சனிக்கிழமை கவியரசனை உட்காரவைத்து மறுபடி ஆடவைத்தேன். அப்பா ஊற்றிக் கொடுத்தால் எதை அழுத்துவது என்று கேட்டான். எங்கள் கேமில் அப்பாவே கிடையாது. சென்னையில் கேம் செய்தவர்களுக்குப் போன் போட்டால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்கிறார்கள். காதுகுத்தோ மறுநாள்! இருக்கிற பதில்களில் பெரியவர்கள் தட்ட முடியாததாக ஒன்றைப் பொறுக்கினேன்: 'நாளைக்கு எனக்குப் பரீட்சை.' நல்லவேளை, திங்கட்கிழமை அவனுக்கு நிஜமாகவே பரீட்சை இருந்தது. இருபது முறை சொல்லவைத்துத்தான் வீட்டுக்கு அனுப்பினேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். வாசலிலேயே நின்றிருந்தான், முகமெல்லாம் சிரிப்பு. சொன்னியாடா என்று கேட்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"சொன்னேன் மேடம், 'பரீச்சையா, அப்ப அரை கிளாஸு போதும்'னு மீதிய அப்பாவே குடிச்சிட்டாரு."

எட்டு மாதம் பத்து டேப்களைச் சுமந்து அலைந்து இந்த வட்டாரத்தில் நான் தடுத்து நிறுத்தியது மொத்தம் அரை கிளாஸ், அதுவும் அவன் அப்பா வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது.