கவிஞரின் மகனுக்குச் சொன்ன பதில்

சுவிற்சர்லாந்தின் துன் நகரத்து ஏரிக்கரை விடுதியில், காலைச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, எழுதிய வரியை அவர் வெட்டிக்கொண்டிருந்ததுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது. எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல், அந்த விடுதியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அவர் அமெரிக்கக் கவிஞர். கணவர் இறந்தபின் அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டவர். என் பள்ளிக்கூட ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் போதுமாயிருந்தது. ‘மடம்’ என்றே அவரை அழைத்தேன்.

சிறு நகரமொன்றில் ஆசிரியையாக இருந்தவர். அவருடைய முதல் இரண்டு கவிதைத் தொகுப்புகளையும் எவரும் கவனிக்கவில்லை. வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதிய, குளிருக்குப் பயந்த வாத்தின் கதைதான் அவரை நாடறியச் செய்தது. பிறகு இருபது வருடங்கள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்கு வாசித்தார். தன்னை எவரும் கவிஞர் என்று சொல்வதில்லை என்ற குறை மட்டும் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

ஒருநாள் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டது என் காதில் இப்போதும் இப்படித்தான் ஒலிக்கிறது: “மகளுக்கு உம்முடைய குரல் தெரியுமோ?”

“இல்லை மடம். நான் ஊரைவிட்டு வெளிக்கிடேக்கை அவளுக்கு ஆறு மாதம்.”

பேனையை மூடிவைத்தார். “எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் வாசிச்சன். அவனை விடுதிப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டன்.” அவ்வளவுதான். மகனைப் பற்றி அவர் பேசியது அந்த ஒருமுறைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, வாத்தின் கதையைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு சொல்லும் விளங்காமலே பக்கத்திலிருந்து முழுவதையும் கேட்டார். நான் முடித்தபோது அவர் கண்கள் நனைந்திருந்தன. அந்த ஒலிநாடாவை ஊருக்கு அனுப்பினேன். சில வருடங்களின் பின் சூரிச் விமான நிலையத்தில், தாயின் பின்னால் ஒளிந்து நின்ற மகள், நான் பேசத் தொடங்கியதும் எட்டிப் பார்த்து, “கதை சொல்லுற அப்பாவோ?” என்று கேட்டாள். அதை மடத்திடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒலிநாடா அனுப்பிய அந்தக் குளிர்காலத்திலேயே அவர் இறந்துபோனார்.

அவருடைய அறையைக் காலிசெய்ய மகன் வந்தார். நாற்பது வயதிருக்கும். பெட்டிகளைக் கீழே கொண்டுபோக உதவினேன். கடைசிப் பெட்டியை மூடும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டார்: “அம்மா என்னைப் பற்றிக் கதைக்கிறவவோ?”

“ஓம். ஒவ்வொரு நாளும்.”

ஆறுதலாக இருக்குமென்று சொன்ன பொய் அது. அவர் கட்டிலில் அப்படியே குந்திவிட்டார். “மறந்திட்டா எண்டு நினைச்சுத்தான் பத்து வருஷமா நான் ஒரு கடிதமும் போடேல்லை” என்று சொல்லி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். பொய்யா உண்மையா, எது அவருக்குக் குறைவாக வலிக்கும் என்று தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

இப்போது எனக்கு மடத்தின் வயது. பாடன் நகரத்தில் இருக்கும் மகள் தினமும் தொலைபேசியில் கூப்பிடுகிறாள். பேசி முடித்து வைக்கும்போதெல்லாம், அந்தக் கட்டிலில் குந்தியிருந்த மனிதர் என் முன்னால் வந்து அழுகிறார்.