பட்டியலிலிருந்து நான் நீக்கிய பெயர்

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே கால். கொல்லையில் தென்னை ஓலையை இழுத்த என் மனைவி ஸ்டெல்லாவை இடது காலில் கண்ணாடி விரியன் கடித்தது.

அவளைத் தூக்கிக்கொண்டு செக்காலை ரோட்டுக்கு ஓடினேன். இரண்டு ஆட்டோக்கள் நிற்கவில்லை. மூன்றாவது நின்றது. ஓட்டி வந்தவர் சாமுவேல். ஏழு மாதங்களுக்கு முன் சபை அங்கத்தினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கவைத்தவன் நான். சபைச் செயலாளர் என்ற முறையில் நாட்குறிப்பில் எழுதியிருந்தேன்: "பிப்ரவரி 11, தைப்பூசம். சாமுவேல் குன்றக்குடிக்குக் காவடி எடுத்தார்."

"என்னய்யா நின்னு பாக்குறீக? ஏறுங்க! அக்கா, காலை அசைக்காதீக!" என்றார்.

மருத்துவமனையில் மருந்து ஏற்றினார்கள். சிறுநீர் வரவில்லை. அதையும் குறித்தேன். 10, இல்லை. 11, இல்லை. 12, இல்லை. "கிட்னி ரெண்டும் வேலை செய்யல. டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கோம். ஆனாலும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிடுங்க" என்றார் மருத்துவர்.

13, சனிக்கிழமை காலை, வராந்தாவில் உட்கார்ந்து ஜெபித்தேன். இருபத்திரண்டு வருடச் செயலாளர் பணியை ஆண்டவருக்கு நினைவுபடுத்தினேன். ஒரு ஞாயிறும் தவறியதில்லை என்றேன். வெட்கத்தோடு சொல்கிறேன், அது ஜெபமே அல்ல.

அப்போது சாமுவேல் கஞ்சியோடு வந்தார். மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்: "அன்னைக்கு ஏன் காவடி எடுத்தீங்க?"

"நான் எங்கய்யா எடுத்தேன்? நேந்துக்கிட்டது என் மாமனாரு. முழங்கால் வலிக்காரவுக. பையும் குடையும் தூக்கிட்டுக் கூடப் போனேன்."

"வந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வந்து கேட்டீகளா? நீங்க எழுதுனா கல்லுல வெட்டுன மாதிரி. அதுல போயி நான் என்னத்தச் சொல்ல?" சிரித்துக்கொண்டே கஞ்சியை ஊற்றினார்.

யாரோ சொன்னதை நான் கண்ணால் பார்த்ததுபோல் எழுதியிருந்தேன். தேதி சரி. செய்தி பொய். அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல குடிங்க, ஆறுது" என்றார்.

அவர் போன பிறகு மறுபடி ஜெபித்தேன். ஆண்டவரே, என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. இரங்கும். அவ்வளவுதான் வந்தது.

அன்றும் சிறுநீர் இல்லை. 14, 15, 16, இல்லை. டயாலிசிஸ் தொடர்ந்தது. அடுத்த கட்டிலில், அதேபோல் பாம்பு கடித்த இளம்பெண் 17ஆம் தேதி இறந்தாள். அவள் தாயும் தரையில் விழுந்துதான் ஜெபித்தாள். ஆகவே, நான் தாழ்ந்துபோனதற்குக் கூலியாக ஸ்டெல்லா பிழைத்தாள் என்று எழுதமாட்டேன். ஏன் அவள், ஏன் இவள்? எனக்குத் தெரியாது. அந்தத் தாயின் முகம் நினைவுக்கு வராமல் இன்றுவரை நான் நன்றி சொன்னதில்லை.

18, வியாழன் காலை. நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினார். அடியில் கொஞ்சம் சிறுநீர். தேதிக்குப் பக்கத்தில் 'உண்டு' என்று எழுதினேன்.

ஸ்டெல்லா வீடு திரும்பினாள். இடது காலில், விஷத்தால் அழுகிய இரண்டு விரல்கள் இல்லை. சாய்ந்துதான் நடக்கிறாள். நடக்கிறாள்.

அக்டோபர் 5, ஞாயிறு. ஆராதனையில் எழுந்து, நான் எழுதிய பொய்யை வாசித்து, பொய் என்று அறிவித்தேன். சாமுவேலின் பெயரைப் போதகர் திரும்பச் சேர்த்தார். செயலாளர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கடைசி வரிசையில் சாமுவேல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்குட்டு ஃபேன் காத்து வராதுய்யா" என்று காதருகே சொன்னார்.

இதை வாசிக்கிறவர்களே, கிருபையைக் கேட்கும்போது உங்கள் நற்செயல்களைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். வெறுங்கையோடு போங்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். அதுவும், நான் வெளியே தள்ளியவரின் ஆட்டோவில் வந்தது.