ரயிலுக்குள் அம்மா சொன்னது

பழைய கசெட் ஒன்றின் பெட்டியைத் திறந்ததும் எழுந்த பிளாஸ்டிக் மணம், வெள்ளவத்தையில் கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்த, இப்போது அடுக்குமாடி எழுந்துவிட்ட அந்த வீட்டின் மேல்மாடி அறைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. சண்டைக்காலம். அப்பாவுக்கு டோஹாவில் வேலை. எங்கள் கடிதமெல்லாம் கசெட்தான். ரயில் வந்தால் அந்தத் தெருவே பாதி வசனத்தில் வாயை மூடிக் காத்திருக்கும். அக்காவும் ரெக்கோர்டரை நிறுத்திவிடுவாள்.

அப்பா பதில் கசெட்டில் குறைப்பட்டுக்கொண்டார். "ரெயின் போற சத்தம் எங்கை? கடல் எங்கை? அதுகளையும் அனுப்புங்கோ பிள்ளையள்."

பிறகென்ன, கொண்டாட்டம்தான்! அலை, காகம், "மாலு, மாலு" என்று கூவிப்போகும் மீன்காரர், அம்மா தேங்காய் திருவும் சத்தம் என்று எல்லாவற்றையும் பிடித்தோம். ரயில் வந்தபோது அக்கா ரெக்கோர்டரை ஜன்னலில் வைத்தாள். அம்மா ஓடிவந்து, அதன்மேல் குனிந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது.

"என்னம்மா சொன்னனீங்கள்?"

"ஒண்டுமில்லை, போங்கோ."

அடுத்த கசெட்டில் அப்பா எங்கள் படிப்பையெல்லாம் விசாரித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"ரெயினுக்குள்ளை நீர் சொன்னது வடிவாக் கேட்டது. எனக்கும் அப்பிடித்தான்."