வயிறு இருக்கு, எடை இல்லை

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் எடைக்கல் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பேப்பர் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஒரு பேப்பர் கட்டைக் கையில் தூக்கினாலே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். யாராவது நடுவில் ஈரப் பேப்பரை வைத்துக் கட்டிக் கொண்டுவந்தால், "கட்டு சின்னதா இருக்கு, கனம் பெரிசா இருக்கே. குளிச்சிட்டு வந்துச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு நாய் மூன்று குட்டி போட்டது. பால்குடி மறக்கும் நேரத்தில் இரண்டு அடுத்தடுத்துச் செத்துப்போயின. இரண்டுக்கும் வயிறு பானை மாதிரி இருந்தது. நன்றாகத் தின்ற குட்டிகள் ஏன் செத்தன என்று எனக்கு விளங்கவே இல்லை. மிஞ்சின ஒன்றுக்கு மூட்டை என்று பெயர் வைத்து, மூன்று வேளையும் நானே சோறு பிசைந்து வைத்தேன்.

தினமும் கடை திறந்ததும் அவர் மூட்டையைத் தூக்கிப் பார்ப்பார். ஒருநாள் முகம் மாறிவிட்டது.

"வயிறு இருக்கு, எடை இல்லை."

"ஏங்க, எப்படி உருண்டு திரண்டு இருக்குது பாருங்க!"

"முதுகைத் தடவிப் பாரு. எலும்பு தட்டுது."

"அப்போ நான் சோறு போடலைங்கிறீங்களா? உங்க கையிலதான் கோளாறு."

அவர் குட்டியைத் தராசில் வைத்தார். ஒரு கிலோ எண்ணூறு. போன வாரம் சுவரில் சாக்பீஸால் எழுதியதும் அதேதான். 'கடவுளே, இந்த ஒரு தடவை அவர் தராசு தப்பாக இருக்கட்டும்' என்று வேண்டிக்கொண்டேன்.

உடனே மிருக டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"எடைக்குத் தகுந்த மாதிரிதான் மருந்து. குட்டி எவ்வளவு இருக்கும்?"

"ஒண்ணு எண்ணூறு" என்றார் இவர்.

அங்கே இருந்த மெஷின் ஒண்ணு எண்ணூற்று இருபது காட்டியது. "அந்த இருபது வரும்போது மாட்டின கழுத்துப்பட்டைங்க" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"குடல்புழு. தாய்கிட்டயிருந்தே குட்டிக்கு வந்துடும். நீங்க போடற சோத்தை அதுங்கதான் சாப்பிடுது. தாய்க்கும் மருந்து கொடுங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் கொடுக்கணும். மனுஷங்களுக்கும் ஒட்டும், தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க."

"பிழைச்சுடுமாம்மா?"

"நேரத்துல வந்துட்டீங்க. பார்ப்போம்."

மறுநாள் காலையில், சிக்கல் விழுந்த வெள்ளை நூல் மாதிரி புழுக்கள் கொத்தாக வெளியே வந்தன. மூட்டை துவண்டு படுத்துவிட்டது. நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அதுவே எழுந்து தள்ளாடி வந்து தட்டை நக்கியது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

வயிறு வற்றிப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அடுத்த வாரம் தூக்கியவரின் கை கொஞ்சம் கீழே இறங்கியது. "ஏறியிருக்கு!" என்று கத்தினார். தராசில் இரண்டு கிலோ. சுவரில் பெரிதாக எழுதினார்.

நான் வேண்டிக்கொண்டதைக் கடவுள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதற்குத்தான் முதலில் அந்தக் கடவுளுக்கே நன்றி சொன்னேன்.

"இனிமே உங்க கையைக் குறை சொல்ல மாட்டேங்க" என்றேன் இவரிடம்.

"என் கையை விடு. குட்டியைக் கொஞ்சினியே, உன் கையைக் கழுவினியா?"