ஸ்டெஃபி மிஸ்ஸின் மேல்தோல்

ஆவடிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுப்பவள் ஸ்டெஃபி. திசுக்களில் தொடங்கித் தோலில் முடிகிற அந்தப் பாடத்தை அவள் நடத்தினால் கடைசி பெஞ்சுகூடத் தூங்காது. மேல்தோலின் மேலடுக்கு முழுக்கச் செத்துப்போன செல்கள் என்பாள். கறுப்போ சிவப்போ, நிறம் தயாரிக்கிற செல்கள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான், இதைப் பார்த்தா பெண் எடுக்கிறார்கள் என்று கேட்பாள். வகுப்பே சிரிக்கும்.

வீட்டுக்கு வந்தால் கதை வேறு. மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பிய மகளின் போட்டோ போன வேகத்தில் திரும்பி வருகிற துக்கத்தில், அம்மா சாராள் முத்தாபுதுப்பேட்டை மெடிக்கல் ஷாப் ஒன்றில் சிவப்பழகு டியூப் வாங்கி வைத்திருந்தாள். டாக்டர் சீட்டா? அதெல்லாம் யார் கேட்கிறார்கள்! ஸ்டெஃபி டியூபின் பின்பக்கத்தைப் படித்தாள். ஸ்டீராய்டு. ரத்தக் குழாயைச் சுருக்கும், அடித்தோலை மெலிய வைக்கும், பழகிவிட்டால் லேசில் விடாது. பரீட்சையில் வந்தால் ஐந்து மதிப்பெண் கேள்வி. எல்லாம் தெரிந்த மகராசி அதைப் பிதுக்கி முகத்தில் பூசிக்கொண்டாள். பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி என்று இன்னொரு வாயால் கேட்க அவளுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

முகம் பளபளத்தது. அண்ணனூரிலிருந்து பெண் பார்க்க வந்த ஆக்னஸ் அம்மாள், மகன் பாஸ்கலை ஒரு வார்த்தை கேட்காமலேயே சரி என்றுவிட்டார். மாதா கோயிலில் முதல் ஞாயிறு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று ஊரைக் கேட்கிற கல்யாண ஓலை வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டால் கல்யாணம். இனி எதற்கு என்று ஸ்டெஃபி டியூபைத் தூக்கிப் போட்டாள். தோல் சும்மா விடுமா? ஒரே வாரத்தில் கன்னமெல்லாம் செக்கச் சிவந்து, பொரிபொரியாகக் கிளம்பி, எரிந்தது. இரண்டாம் ஓலை வாசித்த பூசைக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனவளைக் கோயிலே திரும்பிப் பார்த்தது.

அன்று சாயங்காலமே ஆக்னஸ் அம்மாள் ஸ்டெஃபி வீட்டு வாசலில் வந்து நின்றார். வெறும் வேர்க்குரு, பவுடர் போட்டால் போட்டோவில் தெரியாது என்று சாராள் அளந்துவிட ஆரம்பித்தாள். ஸ்டெஃபியை வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த இடமும் தட்டிப்போனால் அம்மா உடைந்துபோவாள் என்று தெரியும். ஆனாலும் முக்காட்டை எடுத்தாள்.

"க்ரீம் போட்டுத்தான் அத்தை வெள்ளையா தெரிஞ்சேன். இது ஆற நாளாகும். ஆறினா நீங்க பாத்த கலர் இருக்காது. மூணாவது ஓலை வேணுமா வேணாமான்னு இப்பவே சொல்லிடுங்க."

ஆக்னஸ் கிட்டே வந்து அந்தக் கன்னத்தையே உற்றுப் பார்த்தார். காப்பி போடச் சொல்லி சாராளை உள்ளே அனுப்பினார். பிறகு குரலை இறக்கினார்.

"ஓலைய அது பாட்டுக்குப் படிக்கட்டும். எம் பொண்ணும் இத்தத்தான் பூசிக்கினு கீறா, வருசக்கணக்கா. நிறுத்துனா மூஞ்சி எரியுதுன்னு அழுவுறா. வாங்கிக் குடுத்ததே நான்தான். இன்னா பண்றது, சொல்லும்மா."

சட்டென்று நிறுத்தவும் கூடாது, நாளைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு தோல் டாக்டரிடம் போகலாம் என்றாள் ஸ்டெஃபி.

ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், கலர் மட்டும் இறங்காமல் அந்த டாக்டர் பார்த்துக்கொள்வாரா என்று கேட்டார்.