அவிக்காத பல்

பல் கொதிக்கும்போது நடுங்கும். குளிரே இல்லாத ராமநாதபுரத்தில், ஊசி அவிக்கும் பாத்திரத்தின் மூடிக்குள்ளே, ஒரு கூட்டமே குளிரில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருப்பதுபோல் கிடுகிடுவென்று சத்தம் வரும். வாயில்லாத கூட்டம்.

ஆஸ்பத்திரியில் பல் டாக்டருக்கு உதவியாளனாக இருந்தேன். பல்லை முத்தோடு ஒப்பிடும் பாட்டுகளை ஏராளமாகப் படித்துவிட்டு வந்தவன். அங்கே பார்த்த முத்துகள் வேறு ஜாதி.

கடற்கரைக்காரர்களின் பல் ஏன் சீக்கிரம் சொத்தையாவதில்லை என்பது டாக்டரின் ஆராய்ச்சி. பிடுங்கிய பற்களில் பழுதில்லாதவற்றைப் பல்லை அரிக்கும் புளித்த திரவத்தில் ஊறப்போட்டு, கரை ஊர்ப் பல் எது தாங்குகிறது, உள்ளூர்ப் பல் எது தாங்குகிறது என்று பார்ப்பார். பழைய கிருமி கலந்து கணக்கைக் கெடுக்கக்கூடாதென்று முதலில் எல்லாவற்றையும் அவித்துவிடுவோம். என் ஞானப்பல் ஒன்றும் அதில் உண்டு. அது போனபின் என்னிடம் பெரிய மாற்றம் எதையும் யாரும் கவனிக்கவில்லை.

திருப்பாலைக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த ஒரு பாய் மட்டும் பிடுங்கிய பல்லைத் தர மறுத்தார்.

"உடம்புல இருந்து விழுந்தது மண்ணுக்குப் போகணும், தம்பி. மறுமையில எந்திரிச்சு, பல்லைக் காணோம்னு ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நிக்கவா?"

"அடுத்த மாசம் திருப்பிக் குடுத்துருவேன் பாய்," என்றார் டாக்டர்.

"அப்பச் சரி. ஆனா தீ காட்டக்கூடாது. அந்தத் தண்டனை ஆண்டவன் கையில உள்ளது."

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே அந்த ஒன்றை மட்டும் கிருமி கொல்லும் மருந்தில் போட்டுவைத்து, பிறகு திரவத்தில் சேர்த்தார்.

மாசக் கடைசியில் கரைப் பல், உள்ளூர்ப் பல் எல்லாம் ஒன்றுபோல் வெளிறிக் கிடந்தன. வேரில் ஊசி வைத்தால் அவித்த பனங்கிழங்கில் இறங்குவதுபோல் இறங்கியது. பாயின் பல்லில் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை நாள் அவர் அளந்தது ஊரை அல்ல, எங்கள் அடுப்பை. சூட்டில் பல்லின் உள்சத்து வெந்துபோயிருக்கிறது. அதை ஊருக்கு நிரூபிக்க, அவிக்காத அந்த ஒரு பல்லை அறுத்துப் பார்த்தாக வேண்டும்.

பாய் சொன்னபடி வந்து நின்றார். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் அவித்த பல் ஒன்றை எடுத்து நீட்டினார். பாய் அதைத் துடைத்து, வாயைத் திறந்து, பொக்கையில் செருகினார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கால் அதைத் தடவிப் பார்த்தார்.

"தம்பி," என்றார், குரல் மாறி. "என் வாய்க்குள்ள வேற ஆளு உக்காந்திருக்காரு."

டாக்டர் பாயின் சொந்தப் பல்லை எடுத்துக் கொடுத்தார். அடுத்த நோயாளியிலிருந்து அவிக்காமல் புதிதாகத் தொடங்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பாய் வாயிலிருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இந்த மத்தவங்கள என்ன செய்வீங்க?"

"கொட்டிருவோம்," என்றேன்.

தோள் துண்டை விரித்தார். "போடுங்க. எங்க கரையில புதைச்சுர்றேன். யாரு யாருதுன்னு மறுமையில அவங்களே பிரிச்சுக்கிருவாங்க."

கொட்டினேன். அவர் முடிச்சுப் போடும்போது துண்டுக்குள்ளிருந்து அதே கிடுகிடு சத்தம் கேட்டது.

திருப்பாலைக்குடிக் கரையில் என் ஞானப்பல்லோடு நானும் கொஞ்சம் அடக்கமாகி வெகு காலம் ஆகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நாக்கு தானாகக் கடைவாயின் அந்தக் குழியைத் தொட்டுப் பார்க்கிறது. சில நேரம் குழி ஈர மணலாய்ச் சில்லென்று இருக்கிறது.